கடை சைக்கிளும் பிரேக் கட்டையும்



நமது இதழில் வரி, எடைக்கல் முத்திரை, உரிமம் புதுப்பித்தல் என்று எத்தனையோ விஷயங்களைப் படித்திருக்கிறோம். இன்று நான் எழுத வந்திருப்பது ஒரு விரல் நீளம்கூட இல்லாத ரப்பர் துண்டைப் பற்றி. சைக்கிள் பிரேக் கட்டை. "இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிக்க வேண்டாம். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

2014ஆம் ஆண்டு. தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. லீ பஜாரில் நிற்க இடமில்லாத கூட்டம். எங்கள் கடையில் சரக்குப் போடும் தம்பிக்கு இருபத்திரண்டு வயது. கேரியரில் 15 கிலோ எண்ணெய் டின் இரண்டு, மேலே ஒரு சர்க்கரைச் சிப்பம் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஐப்பசித் தூறல். ரயில்வே பாலத்து இறக்கத்தில் வரும்போது பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று குறுக்கே வந்துவிட்டது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்திருக்கிறான். வண்டி நிற்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வண்டியைக் கைப்பிடிச் சுவரில் விட்டான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. சரக்கு போனது போகட்டும், தீபாவளிக்கு அவன் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

அடுத்த நாள் சைக்கிளைக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். முப்பது வருடமாக எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மேஸ்திரி. ரிம்மை விரலால் தடவிப் பார்த்தார். விரலை என் மூக்கருகே நீட்டினார்.

"ஏனுங்க முதலாளி, இது என்ன வாசனைங்க?"

தேங்காய் எண்ணெய். ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்து, பளபளவென்று இருக்கட்டும் என்று எண்ணெய்த் துணி போடச் சொன்னவன் நான். சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டவனும் நான். அது மட்டுமில்லை. அதற்கு முந்தின மாதம் மேஸ்திரி நல்ல கட்டை போடலாம் என்று சொன்னபோது, "இருக்கறதுல விலை கம்மியானதைப் போடுங்க" என்றவனும் நான்தான். அந்தக் கட்டையை அவர் கழற்றிக் காட்டினார். கல் மாதிரி இறுகி, முகம் கண்ணாடி போல மின்னியது. மேலே எண்ணெய், கீழே கல், நடுவில் மழைத் தண்ணீர். வண்டி எப்படி நிற்கும்?

வழவழப்பான ரிம்மில் என்ன நடக்கிறது?

1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கப்பட்டு, ஹெர்குலிஸ் வண்டிகள் நம் ஊர்த் தெருக்களுக்கு வந்த காலம் தொட்டு, கடைக்காரன் வண்டி என்றால் ராடு பிரேக் வைத்த பெரிய சைக்கிள்தான். அதன் ரிம் இரும்பு, மேலே குரோமிய முலாம். துரு பிடிக்காது, பல வருடம் உழைக்கும். ஆனால் முகம் பார்க்கும் அளவு வழவழப்பு. காய்ந்திருக்கும்போது ரப்பர் அதைப் பிடித்துக்கொள்ளும். நனைந்தால் ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே தண்ணீர் ஒரு ஏடு போல நின்றுவிடும்.

அமெரிக்காவில் டேவிட் கார்டன் வில்சன் என்ற பேராசிரியர் சைக்கிளின் விஞ்ஞானம் பற்றி எழுதிய நூலில் இதைப் பரிசோதித்த கணக்கு இருக்கிறது. இரும்பு ரிம் நனைந்தால் பிடிமானம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறதாம். சக்கரம் சில சுற்று சுற்றி, கட்டையே தண்ணீரை வழித்துத் தள்ளிய பிறகுதான் பிடி திரும்ப வரும். அந்தச் சில சுற்றுக்குள் பிள்ளை குறுக்கே வந்துவிடுகிறதே!

அலுமினிய ரிம் இந்த விஷயத்தில் மேல். நனைந்தாலும் இவ்வளவு மோசமாக வழுக்காது. இப்போது வரும் கேபிள் பிரேக் வண்டிகள் சிலவற்றில் அது உண்டு. துருப்பிடிக்காத இரும்புக்குச் சேலமும், 1965 முதல் பல ஆண்டுகள் அலுமினியம் உருக்கியதற்கு மேட்டூரும் பேர் வாங்கிய ஊர்கள். ஆனாலும் எந்த உலோகத்துக்கு எந்தக் கட்டை என்று கேட்டு வாங்கும் பழக்கம் மட்டும் நமக்கு வரவில்லை.

வெளிநாடுகளில் 'டிரையல்ஸ்' என்று ஒரு சைக்கிள் விளையாட்டு இருக்கிறது. பாறை மேலும் மரக்கட்டை மேலும் காலை ஊன்றாமல் தாவுகிறார்கள். வண்டி நினைத்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அதற்காக ரிம்மை அரவை எந்திரத்தால் சொரசொரப்பாக்குகிறார்கள். வழவழப்பு ரிம்மையே வைத்துக்கொள்கிறவர்கள் மெதுவான கட்டையாகத் தேடிப் போட்டு, ரிம்மில் கொஞ்சம் தார் தடவுகிறார்கள். நாம் இதைக் காப்பியடிக்கக் கூடாது. குரோமிய முலாமைச் சுரண்டினால் இரும்பு துருப்பிடிக்கும், கட்டையும் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆனால் அவர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. ரிம் வழவழப்பாக இருந்தால் கட்டை மெதுவாக இருக்க வேண்டும் என்பதே அது. இங்கிலாந்தில் இரும்பு ரிம்முக்கென்றே முகத்தில் தோல் பதித்த கட்டைகள் செய்தார்கள். மழைக்கு அது நன்றாகப் பிடிக்கும்.

கட்டையைப் பார்த்து வாங்குவது எப்படி?

நாம் துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லுகிறவர்கள். கட்டையையும் அப்படிப் பார்க்கலாம். மேஸ்திரி எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1. கட்டை விரல் நகத்தால் அழுத்துங்கள். லேசாகப் பதிந்து, எடுத்ததும் மீள வேண்டும். பதியவே இல்லையென்றால் இறுகிய சரக்கு. பொடி உதிர்ந்தால் கலப்படச் சரக்கு.

2. வெயிலில் தொங்கிய பழைய சரக்கை வாங்காதீர்கள். ரப்பர் சூட்டிலும் வெயிலிலும் இறுகிவிடும். பழைய கடலைக்கு எண்ணெய்ச் சிக்கு ஏறுவது போலத்தான்.

3. ராடு பிரேக் கட்டை ரிம்மின் உள்முகத்தில் அழுத்தும். கேபிள் பிரேக் கட்டை பக்கவாட்டில் அழுத்தும். ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டால் முகம் முழுதும் படியாது.

4. கட்டையைத் தாங்கும் தகரக் கூட்டுக்கு ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும். பிரேக் பிடிக்கும் இடத்தில் ரிம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் மூடிய முனை இருக்க வேண்டும். மாறிப் போட்டால், பிரேக் பிடித்ததும் ரிம் கட்டையை இழுத்து வெளியே தள்ளிவிடும். இதை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் மறக்காதீர்கள்.

5. ரிம்முக்கும் கட்டைக்கும் இடைவெளி 2 முதல் 3 மில்லி மீட்டர் போதும். ரிம்மில் கோட்டம் இருந்தால் முதலில் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். கட்டையின் வரிகள் தேய்ந்து மறைந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

மளிகைக்காரன் வண்டிக்குத் தனி வியாதி

மற்ற வண்டிகளுக்கு இல்லாத எதிரி நம் வண்டிக்கு உண்டு. எண்ணெய் டின் கசிவு. கேரியரில் இருந்து ஒரு சொட்டு ரிம்மில் விழுந்தால் போதும், சக்கரம் அதைச் சுற்றிலும் பூசிவிடும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். அது ரப்பரைக் கெடுக்கும், ரிம்மிலும் படலமாக நிற்கும். நாம் விற்கும் சலவைத் தூளையே தண்ணீரில் கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு, காய்ந்த துணியால் துடைத்தால் போதும். கட்டையின் முகம் மினுமினுத்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். எண்ணெய் ஊறிய கட்டையைத் தூர எறிந்துவிடுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் தாராளமாக வையுங்கள். எண்ணெய்த் துணி மட்டும் ரிம்மில் படக் கூடாது. பூஜை முடிந்ததும் மழைக்காலம் தொடங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாரம் இரண்டு மடங்கானால் வண்டியை நிறுத்தும் வேலையும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் அந்த வேலை நான்கு மடங்கு. ஆகவே, "சீக்கிரம் போயிட்டு வாப்பா" என்று கல்லாவில் இருந்து நாம் சொல்லும் ஒரு வார்த்தைக்கும் விலை உண்டு. மழையில் போகிற பையனிடம், இறக்கம் வருவதற்கு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருக்கும் உறவினர் நம்மில் பலருக்கும் இருப்பார்கள். வண்டி லோடு ஏற்றுமுன் பிரேக் லைனிங்கைப் பார்க்காத லாரி முதலாளியை நான் கண்டதில்லை. அவர்கள் லட்சக்கணக்கில் போட்ட வண்டி என்று பார்க்கிறார்கள். நம் வண்டி சில ஆயிரம்தானே என்று நாம் விட்டுவிடுகிறோம். வண்டியின் விலை எதுவானாலும், அதை ஓட்டுகிற கை ஒன்றுதான்.

இன்று பல கடைகளில் சைக்கிள் போய் மொபெட் வந்துவிட்டது. அதில் டிரம் பிரேக், மழை அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது. ஆனாலும் லைனிங் தேயத்தான் செய்யும், பார்க்க வேண்டும். சிறிய கடைகளில் சைக்கிள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அரசு தந்த பள்ளி சைக்கிளையே பிள்ளை படித்து முடித்ததும் கடைக்கு எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அது பிள்ளை ஏறிப் போகச் செய்த வண்டி, அரிசிச் சிப்பம் ஏற்றச் செய்தது அல்ல.

எங்கள் கடையில் இப்போது ஒரு வழக்கம். ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி, கணக்கு நோட்டில் வரவு எழுதுமுன் 'கட்டை பார்த்தாயிற்று' என்று ஒரு வரி எழுதுகிறோம். நான்கு கட்டையின் விலை நாலு பேர் டீ குடிக்கும் செலவுக்குக் கொஞ்சம் மேலே வரலாம். அந்தத் தம்பி இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். மழை நாளில் அவன் மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. "பரவாயில்லைங்க முதலாளி" என்கிறான். எனக்குத்தான் பரவாயில்லை என்று படவில்லை.