கண்ணாடியைக் கடைசியில் வாங்குங்கள்

1967 முதல் 1972 வரை வெளிவந்த செவர்லே சி-10 பிக்கப், அமெரிக்கப் பழைய வண்டிப் பிரியர்கள் விரும்பிக் கைவைக்கும் வண்டிகளில் ஒன்று. ஒரு காலத்தில் பண்ணைகளில் வைக்கோல் கட்டும் தீவன மூட்டையும் சுமந்தது. இன்று அதை வாங்குகிறவர்கள் சஸ்பென்ஷனை இறக்கி வண்டியைத் தாழ்த்துகிறார்கள். எஞ்சினை மாற்றுகிறார்கள், நீளமான பெஞ்ச் சீட்டைக் கழற்றிவிட்டுத் தனித்தனி சீட் போடுகிறார்கள், பெயின்ட்டுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறார்கள். இதற்கெல்லாம் நடுவில், விலை குறைவு, பார்க்க அழகு என்று படத்தைப் பார்த்து ஒரு ஜோடி சைடு மிரரை வாங்கிப் பரணில் போட்டுவைப்பது வழக்கம்.

கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சைடு மிரரின் வேலையைத் தீர்மானிப்பவை மூன்று: ஓட்டுநரின் கண் எங்கே இருக்கிறது, வண்டியின் மிக அகலமான பகுதி எது, கதவு எவ்வளவு அதிர்கிறது. இப்படிப்பட்ட மாற்றங்கள் பல இந்த மூன்றில் ஒன்றை மாற்றிவிடுகின்றன. சீட்டை மாற்றினால் கண்ணின் உயரம் மாறும். எஞ்சின் மாறினால் அதிர்வு மாறும். அகல டயருக்காக மட்கார்டைப் பிதுக்கினால் பின்பார்வை மறையும். ஆகவே எல்லாம் முடிந்தபின், அந்த சீட்டில் உட்கார்ந்துதான் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார். இந்தக் கட்டுரையில் இடது என்றால் ஓட்டுநர் பக்கம் என்று கொள்க.

கடையில் கிடைப்பவற்றில் மிகச் சிறியது ‘பீப்’ மிரர். கதவின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும் நான்கு அங்குல வட்டம். துளை போட வேண்டாம், பார்க்க லட்சணம், விலையும் குறைவு. மறுகோடியில் ‘வெஸ்ட் கோஸ்ட்’ மிரர்: லாரிகளில் பார்க்கும் உயரமான செவ்வகம், குழாய்ச் சட்டத்தில் நிற்கும். அதன் சிறிய வடிவத்துக்கு ‘ஜூனியர் வெஸ்ட் கோஸ்ட்’ என்று பெயர். அது பிக்கப்புக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டுக்கும் நடுவில், கம்பெனியிலிருந்தே வந்த மாதிரியான ஒற்றைக் கைக் கண்ணாடிகளும், பிற்காலக் கார்களிலிருந்து கழற்றிப் பொருத்தும் கூடு வைத்த கண்ணாடிகளும், அலுமினியக் கட்டியைக் கடைந்து செய்த விலையுயர்ந்த ரகங்களும் உண்டு.

முதலில் அளவு. அமெரிக்க மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதி எண் 111 கண்ணாடிகளைப் பற்றியது. கார்களுக்கு அது 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, டிரக்குகளுக்குப் பிற்பாடு. மொத்த எடை 4,536 கிலோவுக்கு மிகாத டிரக்குக்கு அது இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, காருக்குரிய விதியை அப்படியே பின்பற்றலாம். இல்லையென்றால் இரு பக்கமும் சமதள ஆடி வைக்க வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 126 சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து அங்குல வட்டத்தின் பரப்பு 126.7 சதுர செ.மீ., நூலிழையில் தேறிவிடுகிறது. நான்கு அங்குல வட்டமோ 81 சதுர செ.மீ.தான். ஓர் அங்குலம் குறைந்ததில் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது.

இந்த விதி வருவதற்கு முன் தயாரான வண்டியை அது கட்டுப்படுத்தாது. மாநிலச் சட்டம் தனி. உதாரணமாக, கலிபோர்னியாவில் குறைந்தது இரண்டு கண்ணாடிகள் வேண்டும், ஒன்று இடப்பக்கம் இருக்க வேண்டும், பின்னால் 200 அடி வரை சாலை தெரிய வேண்டும். சட்டம் விட்டுவைத்தாலும் 126 என்ற எண்ணை நான் விடமாட்டேன். காரணத்தைப் பாருங்கள். கண்ணிலிருந்து 75 செ.மீ. தள்ளி இருக்கும் 10 செ.மீ. அகலச் சமதள ஆடி, சாய்வையும் கழித்தால், 30 மீட்டர் பின்னால் ஏறக்குறைய 3.7 மீட்டர் அகலத்தைக் காட்டும். அமெரிக்க நெடுஞ்சாலையின் ஒரு தடம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். ஆக ஒரு முழுத் தடம் தெரிகிறது, போதுமே என்று தோன்றும். ஆனால் அதே ஆடி 5 மீட்டர் பின்னால் காட்டுவது 70 செ.மீ. அகலக் கீற்றை மட்டுமே. பக்கத்துத் தடத்தில் கிட்டே வந்துவிட்ட கார் அந்தக் கீற்றுக்கு வெளியே போய்விடும். ஆடியின் அகலம் 15 செ.மீ. என்றால் அந்த இடத்தில் ஒரு மீட்டர் தெரியும்.

அந்தக் கீற்று எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். சி-10 இல் சரக்குத் தொட்டி இரண்டு வகை. ‘பிளீட்சைடு’ என்பதில் தொட்டியின் பக்கம் கேபினோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் ஓடும். ‘ஸ்டெப்சைடு’ என்பதில் தொட்டி குறுகலாக இருக்க, பின் மட்கார்டு வெளியே புடைத்து நிற்கும். கை குட்டையான கண்ணாடியை ஸ்டெப்சைடில் பொருத்தினால் ஆடியில் கணிசமான பங்கை அந்த மட்கார்டே பிடித்துக்கொள்ளும். பெயின்ட் எவ்வளவு பளபளப்பு என்று ரசித்துக்கொண்டு ஓட்டலாம்! டிரெய்லர் இழுக்கிறவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. சி-10 சுமார் 2 மீட்டர் அகலம், டிரெய்லர் 2.59 மீட்டர் வரை இருக்கலாம். இரு பக்கமும் முப்பது செ.மீ. பிதுங்கி நிற்கும் அந்தச் சுவரைத் தாண்டிப் பார்க்க நீளக் கை இல்லாமல் முடியாது.

அடுத்து, சமதளமா குவி ஆடியா? நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் பக்கமும் குவி ஆடி சகஜம். அமெரிக்காவில் புதுக் காரின் ஓட்டுநர் பக்கம் சமதளமாகத்தான் இருக்க வேண்டும். குவி ஆடி வலப்பக்கத்துக்கு மட்டும், அதுவும் வளைவு ஆரம் 889 முதல் 1,651 மில்லிமீட்டருக்குள். ‘ஆடியில் தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன’ என்ற புகழ்பெற்ற வாசகம் அந்த ஆடிக்கு உரியது. அது எவ்வளவு பொய் சொல்கிறது? ஆரம் 1.2 மீட்டர், கண்ணிலிருந்து தொலைவு 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் பின்னால் வரும் கார், சமதள ஆடியில் தெரிவதில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் தெரியும். சுமார் 65 மீட்டர் தள்ளி இருப்பதைப் போன்ற தோற்றம். இரவில் ஒரு ஜோடி ஹெட்லைட் சின்னதாக, மங்கலாக, இன்னும் தூரம் இருக்கிறது என்று நம்பவைக்கும்.

இருந்தாலும் வலப்பக்கத்துக்குக் குவி ஆடியே மேல் என்பேன். அந்தக் கண்ணாடி கண்ணிலிருந்து வெகுதூரம். அங்கே சமதள ஆடி வைத்தால் பார்வைப் பரப்பு சுருங்கி ஒன்றுக்கும் உதவாமல் போகும். வேகத்தையும் தூரத்தையும் கணிக்க இடது, ‘யாராவது இருக்கிறார்களா’ என்று பார்க்க வலது, இப்படிப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். டிரெக்சல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஹிக்ஸ், உருவத்தை அதிகம் சிதைக்காமல் 45 பாகை வரை காட்டும் வளைந்த ஆடிக்கு 2012 இல் காப்புரிமை பெற்றார். சமதள ஆடி காட்டுவது 15, 17 பாகை. சமதள விதியால் அமெரிக்கப் புதுக் கார்களின் ஓட்டுநர் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

இனி அதிர்வு. பழைய பிக்கப்பில் கண்ணாடி தோற்பது பெரும்பாலும் இதனால்தான், ஆனால் கடைக்காரரிடம் யாரும் கேட்காத கேள்வியும் இதுவே. 1911 இல் முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் தன் மார்மன் வாஸ்ப் காரில் ஒரு பின்பார்வைக் கண்ணாடியைப் பொருத்தினார். மற்ற கார்களில் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துச் சொல்லக் கூடவே ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். ஹாரூன் தனியாள். அவர்தான் ஜெயித்தார். கண்ணாடியின் வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். செங்கல் பாவிய அந்தத் தடத்தில் கண்ணாடி நடுங்கிய நடுக்கத்தில் ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை என்று ஹாரூன் பின்னாளில் ஒப்புக்கொண்டதை எழுதுவதில்லை.

ஆடி ஒரு பாகை சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு பாகை திரும்பும். நடுக்கத்தை ஆடி இரட்டிப்பாக்கித்தான் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆடி கால் பாகை இப்படியும் கால் பாகை அப்படியும் ஆடினால், 30 மீட்டர் பின்னால் வரும் காரின் உருவம் அரை மீட்டர் அகலத்துக்கு இழுபடும். ஹெட்லைட் ஒளிக்கோடாகிவிடும், அது காரா மோட்டார் சைக்கிளா என்பதுகூடப் பிடிபடாது.

வி-8 எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 600 சுற்றில் நின்றபடி ஓடும்போது நொடிக்கு 40 துடிப்பு. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினில் அதே வேகத்தில் 30. கண்ணாடியும் கையும் சேர்ந்து இயல்பாக அதிரும் எண்ணிக்கை இதை ஒட்டி வந்துவிட்டால் போச்சு, சிக்னலில் நிற்கும்போதே ஆடி மங்கிவிடும். வெறும் ஒற்றைக் கையின் நீளத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டில் ஒன்றாகக் குறையும். தண்டின் தடிமனை 8 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆக்கினாலோ விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடும். படத்தில் நளினமாகத் தெரியும் நீண்ட மெல்லிய கை, ஓட்டும்போது சரியான தொல்லை. வெஸ்ட் கோஸ்ட் கண்ணாடியின் குழாய்ச் சட்டம் மேலும் கீழுமாகக் கதவைப் பிடித்து முக்கோணமாக நிற்பதன் மர்மம் இதுதான். மூன்று இடத்தில் ஊன்றிய கை வளைவதற்கு வழியில்லை. அழகில்லை என்று ஒதுக்குகிறவர்கள் அதைப் பொருத்திய வண்டியை ஒரு முறை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கட்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. கண்ணாடியைப் பட்டறை மேசையில் இறுகப் பிடித்துவைத்து, ஆடியின் ஓரத்தை விரலால் சுண்டுங்கள். எதிர்ச்சுவரின் உருவம் ஓரிரு துடிப்பில் அடங்கினால் நல்லது. நடுங்கிக்கொண்டே இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஆடிக்குப் பின்னாலுள்ள உருண்டை மூட்டையும் திருகிப் பார்க்க வேண்டும். கையால் திருகினால் கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் திரும்ப வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும்.

இடத்தைத் தேடுவதில் சி-10 க்கென்று ஒரு தொந்தரவு இருக்கிறது. நம் பழைய அம்பாசிடர், பியட் கார்களில் காற்றுக்காகத் திறப்போமே, அந்த முக்கோணச் சிறு கண்ணாடி இதன் கதவிலும் உண்டு. அதைத் திறந்தால் முன்விளிம்பு உள்ளே போகும், பின்விளிம்பு வெளியே வரும். கண்ணாடியின் கை அந்த வீச்சுக்குள் இருந்தால் இடிக்கும். வீச்சுக்கு வழிவிட்டுக் கையைப் பின்னால் நகர்த்தினால் தலையை அதிகம் திருப்ப வேண்டியிருக்கும். முன்னால் நகர்த்தினாலோ முக்கோணக் கண்ணாடியின் செங்குத்துச் சட்டம் ஆடிக்கும் கண்ணுக்கும் நடுவே வந்து நிற்கும். இதற்குப் பயந்தே சிலர் முக்கோணத்தை எடுத்துவிட்டு ஒரே கண்ணாடியாக மாற்றிக்கொள்கிறார்கள். சைடு மிரர் அப்போது தாராளமாக முன்மூலைக்குப் போகும், ஆனால் கண்ணிலிருந்து தள்ளிப்போவதால் இன்னும் அகலமான ஆடி வேண்டியிருக்கும்.

இந்த இழுபறிக்குக் காகிதக் கணக்கு உதவாது, ஆளை உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் சீட்டில் உட்காரட்டும். இன்னொருவர் வாங்க நினைக்கும் அளவில் ஒரு கைக்கண்ணாடியைக் கதவுக்கு வெளியே பிடித்து மெல்ல நகர்த்தட்டும். மூன்றாமவர், விதி 111 கார்களுக்குச் சொல்லும் இடத்தில் நிற்கட்டும்: ஓட்டுநரின் கண்ணிலிருந்து 35 அடி பின்னால், வண்டியின் மிக அகலமான பக்கத்திலிருந்து 8 அடி வெளியே. அவர் காலடியிலிருந்து வண்டியின் ஓரம் வரை தரை தெரியும் இடம் கிடைத்ததும் கதவில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிட வெளிப்பக்கம் திருப்பியும் பாருங்கள். ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர் 1995 இல் விளக்கிய முறை அது: தலையை இடப்பக்க ஜன்னலோடு சாய்த்தால் மட்டுமே வண்டியின் ஓரம் ஆடியில் தெரிய வேண்டும். அவ்வளவு தூரம் திரும்ப மூட்டு இடம் கொடுக்காத கண்ணாடிகளும் விற்கின்றன.

கடைசியாகத் துளை. பழைய கதவில் முந்தைய உரிமையாளர்கள் போட்ட துளைகள் பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், கதவை உள்ளிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கதவின் வெளித் தகரம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். விரலால் அழுத்தினாலே கொஞ்சம் உள்வாங்கும். எவ்வளவு விறைப்பான கையானாலும் அந்தத் தகரத்தில் நேராக முடுக்கினால் தகரமே அதிரும். உள்பக்கம் மூன்று மில்லிமீட்டர் கனத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டைத் தகடு கொடுத்து முடுக்க வேண்டும். துளையின் ஓரத்துக்கு பிரைமர் அடித்து, வெளியே ரப்பர் கேஸ்கெட் வைத்தால் தண்ணீர் இறங்காது. துளை போடும்போது ஜன்னல் கண்ணாடி மேலே ஏறியிருக்கட்டும். எல்லாம் முடுக்கியபின் கைப்பிடியைச் சுற்றி அதை மெதுவாக இறக்குங்கள், போல்ட் முனை உரசும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் போல்ட்டை அறுத்துக் குறுக்க வேண்டும். வெளியே வாஷர் அடுக்கி ஒப்பேற்றினால் கை மறுபடியும் ஆட ஆரம்பித்துவிடும்.