ஒரே புத்தகம் கொடுத்தால் போதுமா?



பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வந்தவன் நான். முதல் வாரம் வகுப்பில் ‘வெலாசிட்டி’ என்றார்கள். முழித்தேன். வீட்டில் கேட்கலாம் என்றால் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. ‘நமக்கு மூளை கம்மி போல’ என்றே நினைத்துவிட்டேன். அப்புறம் ஒரு சீனியர் அண்ணன், “அட, திசைவேகம்டா!” என்றார். அது எனக்கு எட்டாவதிலேயே தெரியுமே! விஷயம் தெரியும், வார்த்தைதான் தெரியவில்லை.

இதே பிரச்சினை அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்கள் சுமார் 1,800 பேர் எந்தத் தனி உதவியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கின்னி லாவ் என்ற சிறுவன் பெயரில் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கல்விதானே தரப்படுகிறது என்று கீழ்க் கோர்ட்டுகள் கைவிரித்தன. ஆனால் 1974-ல் உச்ச நீதிமன்றம், மொழி புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் மட்டும் அது சமத்துவம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. 1964-ம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டமே அதற்கு ஆதாரம். எந்த முறையில் உதவுவது என்பதைப் பள்ளி நிர்வாகமே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது.

சரி, ஒரே வகுப்பில் சீனம், ஸ்பானிஷ் என்று பல மொழிக்காரர்கள் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? எல்லா மொழியும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பாடத்துக்கு முன்னால் நாலைந்து முக்கிய வார்த்தைகளைப் படம் போட்டு, பொருளைக் காட்டி விளக்கலாம். ஒரே மொழி பேசும் இருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் தாய்மொழியில் பேசிக்கொள்ளச் சொல்லலாம். கேள்வி கேட்டால் பதிலுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு ஆங்கிலம் சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாட ஆங்கிலம் கைவர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம் என்கிறார். ஆகவே, பேசத் தெரிந்த பையன் பரீட்சையில் தடுமாறினால் அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடக் கூடாது.

முதலாண்டுத் தம்பி, தங்கைகளே! புரியலைன்னா வெட்கப்படாமல் கை தூக்குங்கள். சீனியர்களே! பக்கத்தில் முழிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவனுக்குத் ‘திசைவேகம்’ தெரியும். ‘வெலாசிட்டி’யை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்!

- இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை