கரடிக்கு எந்தக் குண்டு?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கரடி கிடையாது. பனையும் வயலும் தோட்டமும் வீடும் நெருங்கிய இம்மண்ணில் அது மறைந்து வாழ இடமும் இல்லை. ஆயினும் கரடிக் கதை கேளாது வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் இல்லை எனலாம். ஆனையிறவைக் கடந்து வன்னிக்குச் சென்று கமஞ் செய்தோரும், தேனும் மரமுங் கொண்டுவந்தோரும் அக்கதைகளையும் உடன்கொண்டு வந்தனர். அவற்றில் வரும் வேட்டைக்காரன் எப்பொழுதும் ஒரே வெடியில் கரடியை வீழ்த்திவிடுவான். உண்மை அவ்வாறன்று என்பதை ஒட்டுசுட்டானில் ஒரு முதியவரைக் கண்டபோது நாம் அறிந்தோம்.

எண்பது வயதைக் கடந்த அப்பெரியவர், தமது பதினைந்தாம் வயதில், தந்தையாருடன் மான் தேடிக் காட்டுக்குச் சென்றார். தந்தையாரின் கையில் இருந்தது இடியன் துவக்கு. வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு இடித்து நிரப்பவேண்டியது அது. பொழுது சாயும் நேரம். பாலைமரத்தடியில் கருமையாக ஏதோ அசைந்தது. பன்றியென எண்ணி அவர் வெடிவைத்தார். புகை கலையுமுன் கரடி அவர்மேல் வந்து விழுந்தது. இடியனில் மறுபடி மருந்திட நேரமேது?

உயிர் தப்பிற்று, ஒரு கண்ணும் மூக்கிற் பாதியும் போயின. அதன்பின் அவர் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு கலியாண வீட்டுக்கேனும் அவர் போனதில்லை. துவாயால் முகத்தை மூடிக்கொண்டே வயலுக்குப் போய் வந்தாராம்.

“மானுக்கு எண்டு போட்ட வெடி, தம்பி. கரடிக்கு அது ஊசி குத்தினமாதிரி. மூண்டாம் நாள் குளத்தடியிலை அதுவும் செத்துக் கிடந்தது,” என்றார் முதியவர்.

கரடி மூன்று நாள் துன்புற்றது; மனிதர் இருபது ஆண்டு துன்புற்றார். இரண்டுக்குங் காரணம் அந்த விலங்குக்கு ஒவ்வாத ஒரு வெடி. குண்டைத் தெரிந்தெடுப்பது ஆடம்பர வேட்டைக்காரரின் வீண் ஆராய்ச்சி என்று எண்ணியிருந்த நாம், அன்றுமுதல் அவ்விஷயத்தைச் சற்று ஊன்றி நோக்கலானோம்.

குண்டுக்குக் கடமைகள் இரண்டு. ஒன்று, ஆழச் செல்லுதல்; மற்றது, சென்ற இடத்தில் தன் வேகத்தையெல்லாம் செலவிடுதல். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை. விரியாத கடினமான குண்டு உடலை ஊடுருவி அப்பாற் போய்விடும். துளை சிறிது, சாவு தாமதம். எளிதில் விரியும் மெல்லிய குண்டோ தோலருகிலேயே சிதறி, உயிர்நிலையை எட்டாது நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவழி காண்பதே குண்டு செய்வோரின் கலையாக இருந்து வந்திருக்கின்றது.

நம் நாட்டில் பெருவழக்காயுள்ள 12ஆம் இலக்கத் துவக்கை எடுத்துக்கொள்வோம். அதன் குழலுக்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் என்பதே அவ்விலக்கத்தின் பொருள். அவ்வாறாயின் ஓர் உருண்டை ஒன்றேகால் அவுன்ஸிலுஞ் சற்று அதிகம். ஏறத்தாழ அதேயளவு ஈயத்தை நூற்றுக்கணக்கான சிறு சன்னங்களாக்கிச் சுட்டால், ஒவ்வொன்றும் விரைவில் வேகம் இழந்து தோலோடும் தசையோடும் தங்கிவிடும். காடைக்கும் கௌதாரிக்கும் ஏற்றது அது. கரடிக்கு வெறும் புண்.

இதனை நன்கறிந்தவர் சாமுவேல் பேக்கர். 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறி, 1855 வரை இந்நாட்டுக் காடுகளில் வேட்டையாடிய ஆங்கிலேயர் அவர். அவருடைய ரைபிள்களுள் ஒன்று 21 இறாத்தல் நிறை. அது எறிந்த கூர்ங்குண்டு நான்கு அவுன்ஸ். தடித்த தோலுடைய விலங்குக்குக் கடினமாக்கிய ஈயமும், புலி போன்றவற்றுக்குக் கலப்பில்லாத மெல்லிய ஈயமும் வேண்டும் என்பது அவர் கொள்கை. மெல்லீயம் உள்ளே சென்று காளான்போல் விரியும். எதிர்ப்பக்கத் தோலினடியில் நின்றுவிடும். முழு அடியும் விலங்கின் உடலிலேயே இறங்கிவிடும். உட்குடைவான குண்டுகள் சிதறிவிடுகின்றன என்று அவற்றை அவர் வெறுத்தார்.

புகையில்லா மருந்து வந்தபின் குண்டின் வேகம் மிகக் கூடிற்று. வெறும் ஈயம் அவ்வேகத்தைத் தாங்காமையால் செப்புக் கலவையால் உறையிட்டனர். உறையிட்ட குண்டு விரியாது ஊடுருவிற்று. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் தொழிற்சாலையில், 1890களில், முனையில் ஈயம் வெளியே தெரியுமாறு குண்டு செய்தனர். அது பட்டவுடன் விரிந்தது. மனிதர்மேல் அதனை ஏவுதல் கொடுமை என்று 1899ஆம் ஆண்டில் ஹேக் மாநாடு விரியுங் குண்டுகளைப் போரில் விலக்கிற்று.

வேட்டைக்காரர்களோ அதனை விடவில்லை. மனிதனுக்குக் கொடியதென விலக்கப்பட்ட குண்டே விலங்குக்கு இரக்கமுள்ளதெனக் கொள்ளப்பட்டது. வியப்பாகத் தோன்றினும் இதிலே நியாயம் உண்டு. காயமுற்ற போர்வீரனைத் தூக்கிச் செல்ல வைத்தியசாலை இருக்கின்றது. காயமுற்ற விலங்குக்கு விரைந்த சாவு ஒன்றே மருந்து.

1946ஆம் ஆண்டில் கனடாவிலே ஜோன் நோஸ்லர் என்னும் அமெரிக்கர் மூஸ் என்ற மாபெரும் மானொன்றைச் சுட்டார். சேறு காய்ந்து தடித்திருந்த தோலில் அவர் குண்டுகள் உடைந்து சிதறின. மூஸ் உடனே விழவில்லை. ஊர் திரும்பிய அவர், நடுவே செப்புச் சுவரொன்று வைத்துக் குண்டினை இரு அறைகளாக்கினார். முன்னறை விரியும், பின்னறை குலையாது உட்செல்லும். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. பகையான இரு கடமைகளையும் ஒரே குண்டிற் பொருத்திய முயற்சி அது. யானைக்கு மட்டும் வேறு விதி: தேன்கூடுபோன்ற தடித்த தலையெலும்பைத் துளைத்து மூளையை எட்ட, விரியாத முழுக்குண்டே வேண்டும்.

நம் கரடி யானையன்று. பெரிய ஆண்கரடியும் 150 கிலோவை எட்டுவது அரிது. அலாஸ்காவின் பழுப்புக் கரடி அதனினும் மூன்று நான்கு மடங்கு. எனினும் நம் கரடியின் ஆபத்து நிறையில் இல்லை, நெருக்கத்தில் இருக்கின்றது. கண்ணுஞ் செவியும் அதற்குக் கூர்மையல்ல. கறையான் புற்றைக் கிண்டி உறிஞ்சும்போது அது செய்யும் ஓசையில் மனிதன் வருவது அதற்குக் கேளாது. சில அடி தூரத்தில் திடீரெனக் கண்டதும், ஓடுவதற்குப் பதில் பாய்ந்துவிடும். அடர்ந்த மயிர் உடலைப் பெரிதாகக் காட்டி உயிர்நிலையை மறைக்கும். மங்கிய ஒளியில், கணப்பொழுதில், எந்த உயர்ந்த குண்டும் குறி தவறினால் இடியனின் சன்னத்துக்கு ஒப்பானதே. மைசூர் நாட்டில் அரசிக்கெரைப் பக்கத்துக் கரடியொன்று பன்னிரண்டு பேரைக் கொன்றதென, அதனைச் சுட்ட கென்னத் அண்டர்சன் 1957இல் வெளிவந்த தமது நூலிற் கூறுகின்றார்.

இத்தனையும் அறிந்தபின், கரடிக்கு எந்தக் குண்டு என்ற வினாவுக்கு நம் நாட்டில் இன்று விடை யாது? வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் 3,500க்கு மேற்பட்ட யானைகள் அரசாங்க வெகுமதிக்காகக் கொல்லப்பட்டன என்று எமர்சன் டெனன்ற் எழுதிவைத்தார். அந்தக் காலம் போயிற்று. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று கரடியைக் கொல்லுதல் குற்றம். இலங்கையில் எஞ்சியுள்ள கரடிகள் ஆயிரத்துக்குள் என்பதே மதிப்பீடு.

வேட்டை நின்றாலும் காயம் நிற்கவில்லை. பன்றிக்கென ஒற்றையடிப் பாதையிற் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, வருவது பன்றியா, கரடியா, பசுவா, விறகுக்கு வந்த அயல்வீட்டாரா என்று பார்ப்பதில்லை. குண்டைத் தெரிந்து, குறியைத் தெரிந்து சுடவேண்டும் என்ற பழைய வேட்டைக்காரரின் ஒழுக்கமேனும் அதிலே இல்லை. இழுபட்ட கயிறு வெடிக்கின்றது, அவ்வளவே.

விடைபெறும்போது முதியவரிடம், காட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். ஆனி, ஆடி மாதங்களில் பாலைப்பழம் பழுக்கும்போது மனிதரும் கரடியும் ஒரே மரத்தை நாடுவர். அவருடைய பேரன் அக்காலத்தில் தனியே போவதில்லையாம்; பொழுதுபட நிற்பதில்லையாம்; வழிநெடுக ஒரு பழைய தகரத்தைத் தட்டிக்கொண்டே போவானாம்.

“நாங்கள் வாறது அதுக்குத் தெரிஞ்சால் போதும், தம்பி. அது தன்ரை பாட்டிலை விலத்திப் போயிடும்,” என்றார் அவர்.