உப்புத் தீர்வையின் கணக்கு

1930-ல் வேதாரணியத்தில் தேசபக்தர்கள் எதிர்த்து நின்ற உப்பு வரி 1947-ல் ஒழிந்தது. ஆயினும் 1953-ஆம் வருஷத்துச் சட்டத்தால் வேறொரு தீர்வை வந்தது. பிற்காலத்தில் அது டன்னுக்கு 3 ரூபாய் 50 காசு. உப்புத் தொழில் அபிவிருத்திக்கும் தொழிலாளர் நலத்துக்கும் அப்பணம் செலவாகலாம் என்றது சட்டம். ஆனால் பார்லிமெண்டு ஒதுக்கினால்தான்! பணம் சேர்ந்ததோ பொதுக் கஜானாவில். மரக்காணம் அளங்களில் வெயிலில் உப்பு வாருவோரின் பங்கு அந்த 'ஒதுக்கினால்' என்னும் சொல்லிலேயே தொங்கிற்று.

2016-ல் அத்தீர்வையும் நீங்கிற்று. ஆனால் வருமான வரியின்மேல் சுகாதாரத்துக்கும் கல்விக்குமென்று 4 சதவீதம் இன்றும் வசூலாகிறது. காரியத்தின் பெயர் சொல்லி வாங்கும் பணத்துக்கு வருஷந்தோறும் தனிக்கணக்குக் கேளாத ஜனப்பிரதிநிதி, தர்மகர்த்தாவிடம் உண்டியற் கணக்குக் கேளாத ஊராரை ஒப்பார் என்போம். வரி கொடுப்பது ஜனங்கள் கடமையெனில், கணக்குக் கேட்பது அவர்தம் உரிமையன்றோ?