கரையிலிருந்து 12 கிலோமீட்டர், பேட்டரியில் 12 வோல்ட்

கரையை விட்டு 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் தேய்ந்துவிடும். அதற்கு அப்பால் வீட்டுக்குப் பேச முடியாது. ஆனாலும் கன்னியாகுமரியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவதில்லை. பேச உதவாத தூரத்தில்தான் அது கடல் வரைபடமாகிறது, திசை காட்டுகிறது, புயல் எச்சரிக்கையைப் படித்துச் சொல்கிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் தென்கோடியைத் தாக்கியபோது ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குச் செய்தி எட்டவில்லை. அந்த இடைவெளியை அடைக்க, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனமும் இந்திய விமான நிலைய ஆணையமும் 2019-ல் ‘ஜெமினி’ என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தன. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியே வரும் கடல் நிலவரத்தைப் பிடித்து, புளூடூத் மூலம் போனுக்கு அனுப்புவது அதன் வேலை. 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்த 364 கோடி ரூபாயில் வகுக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டமும் இதே பாதையில்தான் போகிறது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான பெட்டி செயற்கைக்கோளோடு பேசும். மீனவர் தன் போனில் உள்ள செயலியில் படிப்பார்.

போனில் சார்ஜ் தீர்ந்தால் அந்தத் தகவல் பெட்டியோடு நின்றுவிடும். சார்ஜ் செய்யப் படகில் இருப்பது எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற, வயர்லெஸுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் விளக்குக்கும் மின்சாரம் தருகிற அதே ஈய அமில பேட்டரிதான். அதிலிருந்து ஒரு போனுக்கு மின்சாரம் எடுப்பது சின்ன வேலையாகத் தெரிகிறது. எடுக்கும் அளவும் சின்னதுதான். எடுக்கும் வழியில்தான் அத்தனை சிக்கலும் இருக்கிறது.

ஆடும் வோல்ட்

12 வோல்ட் பேட்டரி 12 வோல்ட்டில் நிற்பது அபூர்வம். முழுதும் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும்போது சுமார் 12.7 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் 12.2-க்கு இறங்கும். எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 14.4 வரை போகும். ஸ்டார்ட்டர் சுழலும் அந்தச் சில நொடிகளில் 9, 10 வோல்ட்டுக்குச் சரிந்து மீளும்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனை தளர்ந்து கழன்றால், ஆல்டர்னேட்டர் தந்துகொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட் கண நேரத்தில் எகிறும். வாகன மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலை, 12 வோல்ட் அமைப்பில் இந்த எகிறலை 79 முதல் 101 வோல்ட் வரை என்று கணக்கில் வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. பெட்டியில் ‘12 வோல்ட்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஒரு வைஃபை ரூட்டரையோ சிறு டிவியையோ நேரே பேட்டரியில் மாட்டுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து புரியும்.

போனுக்கு வேண்டியது இந்த ஆட்டம் எதுவும் இல்லாத 5 வோல்ட். வேகமாக சார்ஜ் ஏறும் வகைகளில் போனும் சார்ஜரும் தமக்குள் பேசி 9, 15, 20 வோல்ட் என்று முடிவு செய்துகொள்ளும். ஆனால் அந்தப் பேச்சும் 5 வோல்ட்டில்தான் தொடங்குகிறது.

12-ஐ 5 ஆக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. மிச்ச வோல்ட்டை வெப்பமாக எரித்துவிடும் லீனியர் ரெகுலேட்டர். 2 ஆம்பியர் எடுக்கும் போனுக்கு அது தருவது 10 வாட். கூடவே சூடாக வீணாக்குவது 14 வாட். இன்றைய சார்ஜர்களில் இருப்பது ‘பக் கன்வர்ட்டர்’. அதற்குள் ஒரு மின்னணு சுவிட்ச் நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுகிறது. மொத்த நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மட்டும் பேட்டரியின் மின்சாரத்தை உள்ளே விடுகிறது. அடுத்து இருக்கும் கம்பிச்சுருள் அந்தத் துண்டு துண்டான ஓட்டத்தைச் சீராக்குகிறது. குயவர் கோலால் விட்டுவிட்டுத் தள்ளினாலும் சக்கரம் ஒரே சீராகச் சுழல்வதைப் போல. எரிப்பது குறைவு என்பதால் நல்ல பக் கன்வர்ட்டரில் 90 விழுக்காடு மின்சாரம் போனுக்குப் போய்ச் சேரும்.

சும்மா இருக்கும் இன்வெர்ட்டர்

பல படகுகளில் நடப்பது வேறு. பேட்டரியில் ஒரு இன்வெர்ட்டரை மாட்டி, 230 வோல்ட் ஏசி ஆக்கி, அதில் வீட்டு சார்ஜர்களைச் செருகிவிடுகிறார்கள். 12 வோல்ட்டை 230-க்கு ஏற்றி, மறுபடி 5-க்கு இறக்கும் சுற்றுவழி இது. இரண்டு முறை மாற்றும்போது இரண்டு முறை இழப்பு. அதுகூடப் பெரிதில்லை.

கணக்கைப் பார்க்கலாம். 5,000 மில்லி ஆம்பியர்-மணி போன் பேட்டரியில் அடங்குவது ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல். வழியில் போகும் சேதாரத்தையும் சேர்த்தால் படகு பேட்டரியிலிருந்து 25 வாட்-மணி, அதாவது சுமார் 2 ஆம்பியர்-மணி செலவாகும். படகில் பத்துப் பேர் இருந்து, தினம் ஆளுக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் 250 வாட்-மணி.

எதுவும் மாட்டாமல் வெறுமனே ஆன் செய்து வைத்திருந்தாலும் ஒரு நடுத்தர இன்வெர்ட்டர் 10 வாட் வரை எடுத்துக்கொள்ளும். 24 மணி நேரத்தில் 240 வாட்-மணி. பத்துப் பேர் போனுக்கு ஆகிற மின்சாரத்தை, யாருக்கும் உதவாமல் அந்தப் பெட்டி ஒன்றே தீர்த்துவிடும்.

இழுவலைப் படகில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதால் இந்த இழப்பு தெரிவதில்லை. வலையையோ ஆயிரங்கால் தூண்டிலையோ போட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்தி மிதந்து கிடக்கும் படகில் தெரியும். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கைக்கு வரும் கணக்கு 50 ஆம்பியர்-மணிதான். ஸ்டார்ட்டருக்கென்றே செய்யப்பட்ட பேட்டரி என்றால் அதுவும் இல்லை. நொடிக்கணக்கில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவதற்காக அதன் தகடுகள் மெல்லியதாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். மெதுவாக ஆழமாக இறக்கினால் சீக்கிரம் சிதைந்துவிடும். எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, விளக்கு, போன் முதலியவற்றுக்குத் தடித்த தகடுள்ள இன்னொரு பேட்டரி என்று பிரித்து வைப்பதற்குக் காரணம் இதுதான். போனை சார்ஜ் போட்டதால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போகும் நிலை வராது.

இரண்டில் ஒன்றைத் தொட்டால்

பெரிய டீசல் எஞ்சின்களின் ஸ்டார்ட்டர் 24 வோல்ட்டில் ஓடும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். போன் சார்ஜருக்கு 12 வோல்ட் போதும் என்பதால், இரண்டில் ஒன்றின் முனைகளிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுவது எளிதான குறுக்குவழி. மாட்டியதும் வேலை செய்யும். அதுதான் வினை.

அந்த ஒரு பேட்டரி மட்டும் நாள்தோறும் கொஞ்சம் அதிகமாக இறங்குகிறது. ஆல்டர்னேட்டருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது பார்ப்பது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டும். மொத்தம் 28.8 வோல்ட் வந்ததும் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே ஒன்று 13.8-ல் அரைகுறையாக நிற்க, மற்றது 15 வோல்ட்டுக்குப் போய்க் கொதித்துத் தண்ணீரை இழக்கும். இப்படிப் போனால் ஒன்று பட்டினியாலும் மற்றது மிகையாலும் கெட்டு, இரண்டையும் மாற்ற வேண்டி வரும். தொட்டது ஒன்றை, போவது இரண்டும்.

இரண்டு முனைகளுக்கும் குறுக்கே முழு 24 வோல்ட்டையும் எடுத்து, கன்வர்ட்டர் வைத்து இறக்குவதே சரியான முறை. உள்ளீட்டில் 9 முதல் 32 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் யுஎஸ்பி சார்ஜர்கள் கிடைக்கின்றன. ஸ்டார்ட்டர் சுழலும்போது 12 வோல்ட் அமைப்பில் வரும் சரிவையும், 24 வோல்ட் அமைப்பின் சார்ஜ் ஏற்றத்தையும் ஒரே கருவி சமாளிக்கும்.

வயரின் நீளமும் உப்பும்

பேட்டரி எஞ்சின் அறையில், ஆள் வீல் ஹவுஸில். நடுவே 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக வர 12 மீட்டர் வயர். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அந்த நீளத்துக்கு மின்தடை சுமார் 0.27 ஓம். சார்ஜரை பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, 5 வோல்ட்டை இந்த வயரில் வீல் ஹவுஸ் வரை கொண்டுவந்தால், 2 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல் வயரே விழுங்கிவிடும். போனுக்குக் கிடைப்பது 4.5 வோல்ட்டுக்கும் கீழே. சார்ஜ் ஏறுவதாகக் காட்டும், ஏறாது. அதே 10 வாட்டை 12 வோல்ட்டாகக் கொண்டுவந்தால் ஓடுவது 1 ஆம்பியருக்கும் குறைவு, இழப்பு கால் வோல்ட். ஆகவே நீண்ட வயரில் 12 வோல்ட் ஓட வேண்டும். கன்வர்ட்டர் போனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். லேப்டாப்புக்கு 60 வாட் வேண்டுமென்றால் இந்த வயர் போதாது. 4 சதுர மில்லிமீட்டராவது வேண்டும்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கார் சார்ஜர் படகில் நிலைப்பதில்லை. எஞ்சின் அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நகர்கிறது. தளர்ந்த தொடுமுனை சூடேறுகிறது. திருகி இறுக்கும் வகை யுஎஸ்பி சாக்கெட்டும், ரப்பர் மூடியும், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியும் இதற்காகவே வந்தவை. பூச்சில்லாத செம்பு உப்புக் காற்றில் பச்சை பூத்து உள்ளுக்குள் அரிக்கும். ஈரமான போன் துளையில் சார்ஜரைச் செருகினால், உப்பு நீரும் மின்னழுத்தமும் சேர்ந்து பொன் முலாம் பூசிய ஊசிமுனைகளையே கரைத்துவிடும். ஈரம் இருப்பதாகப் போன் எச்சரித்தால் அதை மதிப்பது நல்லது.

ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் குழப்பம் உண்டு. சார்ஜருக்குள் இருக்கும் ஃபியூஸ் சார்ஜரைத்தான் காக்கும். வழியில் வயர் உராய்ந்து ஷார்ட் ஆனால் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும்; வயர் தீக்கம்பியாகிவிடும். அமெரிக்கப் படகுத் தரநிலைக் குழு, பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் வரவேண்டும் என்று கேட்பது இதனால்தான். ஆனால் சாக்கெட்டையோ சுவிட்சையோ பேட்டரிப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஈய அமில பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரு பொறி போதும்.

சிறு ஃபைபர் படகுகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் கிடையாது. அங்கே ஒரு 50 வாட் சோலார் பலகை, நம் கடற்கரை வெயிலில் நாளுக்கு 180, 190 வாட்-மணி தரும். சிறு பேட்டரியையும் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்தால் ஆறேழு போன்களுக்குத் தாங்கும். பலகையில் படியும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

வயர்லெஸில் இரைச்சல்

கடைசிச் சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும் அந்த சுவிட்ச் ஒரு குட்டி ரேடியோ நிலையமாகவும் ஆகிவிடுகிறது. தரமான சார்ஜரில் வடிகட்டிகள் இருக்கும். மலிவுச் சரக்கில் அவற்றைத்தான் முதலில் குறைப்பார்கள். சிதறும் அலைகள் கடல் விஎச்எஃப் வயர்லெஸின் அலைவரிசை வரை எட்டும். ஆபத்துக்கு அழைக்கும் சேனல் 16 இருப்பது 156.8 மெகாஹெர்ட்ஸில், கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் அதற்கு அருகே 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-ல் வெளியிட்ட பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று, எல்இடி விளக்குகள் இந்த இரண்டின் வரவேற்பையும் கெடுப்பதாகச் சொன்னது. அந்த விளக்குகளை இயக்கும் சுற்றும் போன் சார்ஜரின் சுற்றும் ஒரே குடும்பம்.

அந்த எச்சரிக்கை சொன்ன சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். அதை சார்ஜருக்கும் செய்து பார்க்கலாம். வயர்லெஸை யாரும் பேசாத சேனலில் வைத்து, இரைச்சல் அடங்கும் வரை ஸ்குவெல்ச் குமிழைத் திருப்ப வேண்டும். பிறகு அது மறுபடி லேசாகக் கேட்கத் தொடங்கும் இடம் வரை பின்னே கொண்டுவந்து, மீண்டும் அடங்கும் விளிம்பில் நிறுத்த வேண்டும். இப்போது சார்ஜரில் போனை மாட்டினால் இரைச்சல் எழுகிறதா என்று கேட்க வேண்டும். எழுந்தால், சார்ஜரை ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளி வைத்து, வயரில் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டி மறுபடி பார்க்கலாம். அப்போதும் அடங்கவில்லை என்றால் அந்த சார்ஜரைக் கழற்றிக் கரையில் யாருடைய காரிலாவது மாட்டிக்கொள்ளலாம். படகுக்கு அது ஆகாது.