எப்போது 273-ஐக் கூட்ட வேண்டும்?

ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவை? நீரின் தன் வெப்ப ஏற்புத்திறன், கிலோவுக்கு ஒரு கெல்வின் உயர்வுக்குச் சுமார் 4,186 ஜூல். ‘கெல்வின்’ என்றதும் பல மாணவர்கள் 80-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசமான 50-உடன் 273-ஐக் கூட்டி, 323-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். விடை ஆறு மடங்குக்கு மேல் எகிறிவிடுகிறது. சரியான விடை 2,09,300 ஜூல்தான்.

ஸ்வீடன் நாட்டு வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ், நீர் உறையும் நிலைக்கும் கொதிக்கும் நிலைக்கும் நடுவே நூறு பாகம் பிரித்து 1742-இல் தம் அளவுகோலை முன்வைத்தார். பிறகு கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், எந்தப் பொருளையும் சார்ந்திராத தனி வெப்பநிலை அளவுகோல் ஒன்றை 1848-இல் முன்மொழிந்தார். இன்றைய கெல்வின் அளவுகோலின் சுழியம், இயற்கை அனுமதிக்கும் குளிரின் கடைசி எல்லை. அதாவது மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். தொடங்கும் இடம்தான் வேறு. ஒரு பாகத்தின் அளவு இரண்டிலும் ஒன்றே.

திருவள்ளுவர் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்து ஆண்டுடன் 31-ஐக் கூட்டினால் வள்ளுவர் ஆண்டு கிடைக்கும். அதற்காக நாற்பது வயதுக்காரருக்கு எழுபத்தொன்று ஆகிவிடுமா?

ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினில் எரிபொருளான திரவ ஹைட்ரஜனின் கொதிநிலை சுமார் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். திரவ ஆக்சிஜனுக்கு மைனஸ் 183. கெல்வினில் இவை ஏறக்குறைய 20, 90. எந்த அளவுகோலில் கழித்தாலும் வித்தியாசம் 70தான்.

ஆனால், ‘எத்தனை மடங்கு?’ என்று கேட்டால் செல்சியஸ் உதவாது. 20 டிகிரியில் மூடிவைத்த உருளையிலுள்ள வாயுவை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகாது. கெல்வினில் வெப்பநிலை 293.15-இலிருந்து 313.15-க்குத்தான் போகிறது, அழுத்தம் ஏறத்தாழ 7 சதவீதமே கூடும். வாயு விதிகளில் கெல்வினையே பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

ஆகவே 273.15-ஐக் கூட்டுமுன், கையிலிருக்கும் எண் வெப்பநிலையா, வெப்பநிலை வித்தியாசமா என்று பாருங்கள். வெப்பநிலை என்றால் கூட்டுங்கள். வித்தியாசம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.