ஒளி ஈன்ற இரு மரங்கள்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் மறைந்த பின், 1977-இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' ஒரு மிகுபுனைவு நூல், அதாவது இயல்பு விதிகளுக்கு அப்பாற்பட்ட உலகைப் படைத்துக் காட்டும் புனைவு. அதில் கதிரவனும் நிலவும் தோன்றுமுன், வெள்ளியொளி சிந்திய டெல்பெரியன், பொன்னொளி சிந்திய லாரலின் ஆகிய இரு மரங்களே வாலினோர் நாட்டுக்கு வெளிச்சம் தந்தன. தீய ஆற்றலான மெல்கோரும் அவனுடன் வந்த பெருஞ்சிலந்தியும் அவற்றை அழித்தபோது, மடியும் வேளையில் ஒன்று ஈன்ற மலர் நிலவாகவும் மற்றொன்று ஈன்ற கனி கதிரவனாகவும் வானேறின. அவ்வுலகின் பகலொளிகூட இழந்த பேரொளியின் மிச்சமே என்னும் துயரம்தான் இவ்விரு மரங்கள் என்னும் குறியீட்டின் உயிர். டெல்பெரியனின் சாயலில் தோன்றிய மரபில் வந்ததே டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' புதினத்தின் வெண்மரம்: அரசரில்லாக் காலத்தில் கோண்டோர் நாட்டின் அரச முற்றத்தில் அது பட்டுப்போய் நிற்க, அரச வாரிசான அரகோர்ன் முடிசூடிய பின்னரே மலைச்சரிவின் பனியோரத்தில் அதன் இளங்கன்று கண்டெடுக்கப்படுகிறது.